ஒருதரம் கூவிய சீட்டு

நான் கல்லூரியில் என்ன படிக்கிறேன் என்பதை மூன்று வருடமும் எங்கள் ஊருக்கு விளக்கிச் சொல்ல முடியவில்லை. டீச்சர் டிரெயினிங் படித்தால் டீச்சர், நர்சுக்குப் படித்தால் நர்ஸ். தொடர்பியல் படித்தால் என்ன? தொடர்பியல்காரி என்று உலகத்தில் ஒரு வேலை இல்லை. விண்ணப்பத் தாளில் அந்தச் சொல்லை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கே அது தபால் தந்தி இலாகா சமாச்சாரம் என்றுதான் பட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பழவேற்காடு ஏரிக்குள், நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த மீனவ ஊர் எங்களுடையது. பக்கத்துத் தீவான பசியாவரத்துக்குப் போகிற தோணிக்காரர் போகிற போக்கில் எங்களையும் இறக்கிவிட்டுப் போவார். அக்கரை ஏறினால் பழவேற்காடு கடைத்தெரு, அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி, பொன்னேரியிலிருந்து ரயிலில் மெட்ராஸ். பிளஸ் டூ தேறிய பெண் என்று அப்போது எங்கள் ஊரில் நான் ஒருத்திதான். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இங்கிலீஷில் இருந்த விண்ணப்பத்தைப் படித்துச் சொன்னவர் கடைத்தெருவில் வலை நூலும் கயிறும் விற்ற பாய். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எழுத்து எழுத்தாக இரண்டு முறை படித்தார். நைனாவும் அம்மாவும் நானும் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தோம்.

“மனுஷனுக்கு மனுஷன் எப்படி சேதி சொல்றான்னு படிக்கிற படிப்பு இது. பேப்பர், ரேடியோ, வெளம்பரம், சினிமா, எல்லாத்தயும் பத்தி சொல்லிக் குடுக்கறாங்களாம்” என்றார் பாய்.

“பேசறதுக்கா படிப்பு?” என்றார் நைனா.

“அப்டித்தான் போட்டுக்கீது. உன் சம்சாரம் மீன் விக்கிறத அந்தக் காலேஜ்காரன் ஒருவாட்டி கேட்டான்னா, வூட்டுக்கே வந்து பட்டம் குடுத்துட்டுப் போவான்.”

நைனா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. “பட்டம் கெடக்கட்டும் பாய். எம்பொண்ணு இத்தப் படிச்சா இன்னா ஆவும்? அத்த சொல்லு” என்றாள்.

பாய் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. “அது போட்டில்லம்மா” என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். இருந்தும் நைனா கையெழுத்துப் போட்டார். நான் போக ஆசைப்பட்டேன் என்பதைத் தவிர அவருக்கு வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

கல்லூரிக்குப் போன முதல் மாதத்தில் எங்களை ஒலிப்பதிவு அறைக்கு அழைத்துப் போனார்கள். சுவரெல்லாம் ஓட்டை ஓட்டையான அட்டை, தரையில் கம்பளம், கதவு ஒரு சாண் தடிமன். கதவைச் சாத்தியதும் காது அடைத்துக்கொண்டது. ஏரிக்குள் பிறந்தவளுக்குக் காற்றுச் சத்தம் என்று தனியாக ஒன்று இருப்பதே தெரியாது. அது எப்போதும் இருப்பது. அன்றைக்குத்தான் முதன்முதலாக அது இல்லாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் என் இதயம் அடிப்பது எனக்கே கேட்டது. பயந்துபோய்ப் பக்கத்தில் நின்ற பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் மைலாப்பூர்க்காரி. “என்னடி, பேய் பாத்த மாதிரி நிக்கிற?” என்றாள். எனக்கு அது பேயைவிடப் பெரிய விஷயமாக இருந்தது. இத்தனை பெரிய நிசப்தத்தை மனிதன் கட்டி வைத்திருக்கிறான், அதுவும் ஒருவர் பேசுவதைச் சரியாகக் கேட்பதற்காக. அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்குக் கண்ணில் நீர் நின்றது. வெட்கமாக இருந்ததால் தூசி என்று சொல்லிவைத்தேன்.

இருட்டறையும் அப்படித்தான். தட்டில் இருந்த மருந்துத் தண்ணீரில் வெள்ளைத் தாளைப் போட்டு ஆட்டினார்கள். முதலில் ஒரு புருவம், பிறகு மூக்கு, பிறகு ஒரு கிழவரின் முழு முகம் தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வந்தது. நான் “ஐயோ” என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். மற்ற பெண்கள் அந்த ஐயோவை வருடக் கடைசிவரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் இரண்டாம் வருடம்தான் கிடைத்தது. எங்கள் ஆசிரியை ஒருநாள் கரும்பலகையில் வரிசையாக எழுதினார்: நிருபர், உதவி ஆசிரியர், புகைப்படக்காரர், வானொலி அறிவிப்பாளர், விளம்பர வாசகம் எழுதுபவர், மக்கள் தொடர்பு அதிகாரி. போகப் போகப் பட்டியல் பலகையின் கீழ்விளிம்பைத் தொட்டது. ஒவ்வொன்றையும் பார்க்க எங்களைக் கூட்டிக்கொண்டும் போனார்கள். ஒரு பத்திரிகை ஆபீசில் அச்சு இயந்திரம் ஓடியபோது தரை நடுங்கியது. விளம்பர ஆபீசில் ஒருவர் ஒரு சோப்புக்காக நாலு வார்த்தையை ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தார். சம்பளமும் வாங்கிக்கொண்டு அதைச் செய்தார் என்பது எனக்கு மலைப்பாக இருந்தது. எங்கள் வகுப்பில் ஒருத்தி பிற்பாடு அதே மாதிரி ஆபீசில் சேர்ந்து பெரிய ஆளானாள். மைலாப்பூர்க்காரி நிருபரானாள். வகுப்பிலேயே நன்றாகப் பேசியவள் பாங்கில் கிளார்க்காகப் போய் வாயைத் திறக்காமலே வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். நான் அன்று பலகையைப் பார்த்த மாத்திரத்தில் அறிவிப்பாளர் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். அந்த நிசப்தத்துக்குள் போய் உட்கார்ந்து பேசுவதற்கு ஆள் வைத்துக்கொள்கிறார்கள் என்றால், அந்த ஆள் நானாக இருக்க வேண்டும்.

மூன்றாம் வருடம் தேர்வுக்காக ஆளுக்கொரு ஒலி நிகழ்ச்சி தயாரிக்க வேண்டும். ஒரு ஊரில், ஒரு கூட்டத்தில், சேதி எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைப் பதிவுசெய்து கொண்டுவரச் சொன்னார்கள். பரீட்சைக்கு வானொலியிலிருந்து ஒருவர் வந்து கேட்பார் என்றும் சொன்னார்கள். மற்றவர்கள் மார்க்கெட், ரயில் நிலையம், கல்யாண மண்டபம் என்று கிளம்பினார்கள். நான் எங்கள் ஊரில் பாடு போடுவதைப் பதிவு செய்கிறேன் என்றேன். ஆசிரியைக்குப் பாடு என்றால் புரியவில்லை.

எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. யாருக்கு எந்த இடம் என்பதற்கு முறை உண்டு, அதற்குத்தான் பாடு என்று பெயர். எங்கள் ஊரில் ஐந்து கூட்டு, ஒவ்வொரு கூட்டிலும் ஐந்தாறு குடும்பம். வலை கட்டும் இடமும் ஐந்து. பருவம் தொடங்கும்போது ஊர் கூடி அம்மன் கோயில் முன்னால் சொம்பில் சீட்டுப் போட்டுக் குலுக்கும். சீட்டு என்றால் தாள் இல்லை, ஒவ்வொரு கூட்டின் அடையாளமும் கீறிய பனையோலை நறுக்கு. முதலில் எந்த ஓலை வருகிறதோ அந்தக் கூட்டுக்கு முகத்துவாரம், அதாவது கடலும் ஏரியும் கலக்கிற வாய். இறால் வருவதும் போவதும் அந்த வழிதான். கடைசி ஓலைக்குச் சேற்றுப் பாடு. முழங்காலளவு தண்ணீர், சேற்றிலிருந்து காலை உருவுவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். விழுந்த இடம் அந்தப் பருவம் முழுவதற்கும் மாறாது. எங்கள் வடக்குத் தெருக் கூட்டுக்கு நைனாதான் தலைவர். ஆறு குடும்பம். எனக்கு நினைவு தெரிந்து முதல் ஓலை எங்களுக்கு வந்ததே இல்லை.

இதற்கெல்லாம் பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. எனக்கு மாமா முறையாகிற ஒருவர் ஓலையை எடுத்துப் பார்த்துக் கூவுவார். ஒரே ஒரு தரம். ஏலத்தில்கூட மூன்று தரம் சொல்கிறார்கள், எங்கள் ஊரில் பாடு போடும்போது ஒருதரம்தான். அம்மன் முன்னால் எடுத்த ஓலை அம்மன் சொன்ன சொல். அதை இரண்டாம் தரம் கூவினால் முதல் தரம் கூவியதில் சந்தேகம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். சந்தேகம் விழுந்த ஓலையைத் திரும்பச் சொம்பில் போட்டுக் குலுக்கியாக வேண்டும். இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

கல்லூரி டேப் ரெக்கார்டரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மடியில் வைத்து, தண்ணீர் தெறிக்காமல் ஊருக்குக் கொண்டுவந்தேன். ஊர்த் தலைவரான பெரியதனக்காரரிடம் நைனா கேட்டார். “பொட்டிதானே, ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டும்” என்று உத்தரவு கிடைத்தது. பாடு போடும்போது பெண்கள் பின்னால்தான் நிற்போம். எனக்கு மட்டும், பெட்டிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால், முன்வரிசைக்கு அருகே மணலில் உட்கார இடம் கொடுத்தார்கள். ஊரே என்னைப் பார்த்தது. அந்த ஒரு காலைப்பொழுது நான் இருந்த மிதப்பை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பெட்டி இருந்ததுதான் வினையாயிற்று. வருடா வருடம் பத்து வார்த்தையில் முடிக்கிற பெரியதனக்காரர் மைக்கைப் பார்த்ததும் கனைத்துக்கொண்டார். ஊர் உண்டான கதையில் தொடங்கி, புயல் வந்த வருடங்களைச் சொல்லி, வழக்கமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதிகளையெல்லாம் ஒன்றொன்றாக விளக்கினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தனையும் பதிவாகிக்கொண்டிருந்தது. பூசை முடிந்து, சொம்பைக் குலுக்கி, மாமா முதல் ஓலையை எடுத்த அந்த நிமிஷம், கேசட்டின் ஒரு பக்கம் தீர்ந்து டக்கென்று பொத்தான் மேலே எழும்பியது.

நான் பதறிப்போய் மூடியைத் திறந்து கேசட்டைப் புரட்டிப் போட்டேன். தலைக்கு மேலே மாமாவின் குரல் கேட்டது.

“மொகத்துவாரம், வடக்குத் தெருக் கூட்டூ!”

எங்கள் கூட்டு. எனக்கு நினைவு தெரிந்து முதல் தடவை. என் பின்னால் சித்தி “அம்மாடி!” என்றது கேட்டது. நைனாவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொத்தானை அழுத்தினேன், நாடா ஓடத் தொடங்கியது, மூன்று வருடம் படித்த படிப்பு வாய்க்கு வந்தது.

“மாமா, பதியல! இன்னொருவாட்டி கூவுங்க!”

மாமாவைக் குறை சொல்ல முடியாது. இருபது வருடமாகக் கூவுகிறவர். தன் குரல் மெட்ராசுக்குப் போகப்போகிறது என்று காலையிலிருந்து வெற்றிலைகூடப் போடாமல் தொண்டையைக் காப்பாற்றி வைத்திருந்தார். என் பக்கம் திரும்பி, மார்பை விரித்து, முதல் தடவையைவிட அழகாக, நீட்டிக் கூவினார். அது முடிந்த பிறகுதான் அவருக்கும் எனக்கும் உறைத்தது. கூவி முடித்ததும் அடிப்பதற்காகத் தூக்கிய குச்சியை அப்படியே பிடித்துக்கொண்டு பம்பைக்காரர் நின்றார். காற்று மட்டும் மைக்கில் அடித்துக்கொண்டிருந்தது.

பெரியதனக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். “பொண்ணு படிப்புக்கோசரம் கேட்டிச்சி. கூவினவனும் புத்தி கெட்டுப் போயி கூவிட்டான். இன்னா சொல்றீங்க, வுட்டுட்லாமா?”

கிழக்குத் தெருக் கூட்டின் தலைவர் வயதானவர். நைனாவோடு அவருக்கு அவ்வளவாக ஒத்துப்போகாது. அவரே, “வுட்டுட்லாம்பா. எல்லாரும் மொதல்லயே கேட்டோமே” என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

நைனா எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“ரெண்டு தரம் கூவியாச்சி. ஓலைய உள்ள போட்டு குலுக்குங்க.”

சித்தப்பா, நைனாவின் தம்பி, அவர் கையைப் பிடித்து இழுத்தார். “ணா, இன்னாணா பண்றே? அவங்களே வுட்டுட்லாம்னு சொல்றாங்கோ!”

“இதே கெழக்குத் தெருக்காரனுக்கு ஆயிருந்தா குலுக்கணும்னு நீ குதிச்சிருப்பியா, மாட்டியா?”

சித்தப்பா பிடித்த கையை விட்டார். அவர் குதித்திருப்பார், அது ஊருக்கே தெரியும். பெரியதனக்காரர் இன்னொரு முறை நைனாவைப் பார்த்தார், நைனா தலையை ஆட்டினார். ஓலையைச் சொம்பில் போட்டுக் குலுக்கினார்கள். கிழக்குத் தெருக் கூட்டுக்கு முகத்துவாரம் விழுந்தது. பம்பை அடித்தார்கள். அடுத்து அடுத்து என்று நாலு ஓலை வந்தன. எங்களுடையது கடைசி ஓலை.

அந்த நாளைப் பற்றி நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். கல்லூரிப் பலகையில் பேசுபவர், செய்தி, கேட்பவர் என்று மூன்று கட்டம் போட்டு நடுவில் அம்புக்குறி போடுவார்கள். அன்று நடந்தது அந்தப் படத்துக்குள் அடங்கவில்லை. அந்த மணலில் உட்கார்ந்திருந்த ஊர், ஒரு சொல்லைக் காப்பாற்ற ஒரு பருவத்தை விட்டுக்கொடுக்கிற ஆளைப் பார்த்தது; ஆனால் அவரை யாரும் பாராட்டவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை. ஆச்சரியப்பட்டவள் நான் ஒருத்திதான். என்னைப் பெற்ற மனிதரைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதோடு கூடவே, இவருக்கு இதைச் செய்தவள் நான் என்ற வெட்கமும் வந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் ஒருத்திக்குள் இருக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வீட்டில் சித்தப்பா குதித்தார். “பொட்டிய தூக்கி ஏரில போடு மொதல்ல. மெட்ராஸ்ல போயி பேசக் கத்துக்கினது போதும், பேசினியே ஒரு பேச்சு!” ஆறு குடும்பமும் எங்கள் வாசலில் கூடி, பெண்ணை நிறுத்திவிடு என்றது. நைனாவின் சொல்லைத் தட்ட முடியாத கோபம் முழுக்க என் படிப்பின் மேல் திரும்பியது. அவர்களிடம் நியாயம் இருந்தது. இறால் பருவத்தில் சேற்றை அரிக்கப்போகிறவர்கள் அவர்கள்தான்.

அம்மா எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். “வாய மூடிக்கினு இருக்கறதுக்கு ஒரு படிப்பு இருந்தா, அத்தயும் சேத்துப் படிச்சிட்டு வா” என்றாள். படிச்சிட்டு வா என்று சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு நான் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் நைனா தோணியை எடுத்தார். “பரீட்ச இருக்குது. போயி எழுதட்டும். அப்பறம் பேசிக்கலாம்” என்று வாசலில் நின்றவர்களிடம் சொன்னார். அக்கரைவரை என் பக்கம் திரும்பாமல் கோலை ஊன்றிக்கொண்டே வந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தப் பருவம் எப்படிப் போனது என்பது அம்மாவுக்காகப் பாய் எழுதிப்போட்ட கடிதங்களில் தெரிந்தது. வலையில் சேற்று நண்டும் குச்சியும்தான் ஏறின. சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும் ஏரியை விட்டுவிட்டுக் காட்டூர் பக்கம் அறுப்புக்குப் போனார்கள். வலைக்காரன் கதிர் அறுக்கப் போவது எங்கள் ஜனத்துக்குச் சாதாரண விஷயம் இல்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நான் ஹாஸ்டல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கேசட்டைக் கேட்ட ஆசிரியைக்கோ தலைகால் புரியவில்லை. எல்லா மாணவிகளையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார். “இந்த வருஷத்துல இதுதான் பெஸ்ட். ஆனா பத்து நிமிஷத்துக்குக் குறைக்கணும். உன் குரல் வர்ற இடத்தை வெட்டிடு. அதுக்கப்புறம் வர்ற குழப்பமும் வேண்டாம். கேக்கறவங்களுக்குப் புரியாது” என்றார்.

அந்தக் காலத்தில் வெட்டுவது என்றால் நிஜமாகவே வெட்டுவதுதான். கேசட்டில் இருப்பதைப் பெரிய சுருள் நாடாவுக்கு மாற்றி, பிளேடால் அறுத்து, வேண்டிய முனைகளைச் சேர்த்து ஒட்டவேண்டும். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து செய்தேன். பெரியதனக்காரரின் பேச்சைக் கால்வாசியாக்கினேன். என் குரலை அறுத்து எடுத்தேன், அது ஒரு சாண் நீளம்கூட இல்லை. பெரியதனக்காரர் வுட்டுட்லாமா என்று கேட்டது, நைனா எழுந்து பேசியது, சித்தப்பா கத்தியது, திரும்பக் குலுக்கியது எல்லாவற்றையும் எடுத்து மேசை விளிம்பில் தொங்கவிட்டேன். மாமா அழகாகக் கூவிய இரண்டாவது கூவலின் முனையில், கிழக்குத் தெருவுக்காக அடித்த பம்பைச் சத்தத்தை ஒட்டினேன். பிறகு ஓடவிட்டுக் கேட்டேன்.

மொகத்துவாரம், வடக்குத் தெருக் கூட்டு. உடனே பம்பை. ஜனங்களின் ஆரவாரம்.

எங்களுக்கு முகத்துவாரம் விழுந்துவிட்டது. ஒட்டு எங்கே என்று எனக்கே காதில் அகப்படவில்லை. அத்தனை சுத்தம். கையில் பிளேடோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு ஊரே கூடி மாற்ற முடியாத ஒன்றை ஒரு மத்தியானத்தில் தனியாக மாற்றிவிட்டேன். இதைத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நிசப்த அறையில் வந்த பயத்தைவிட இது பெரிய பயம். அம்மன் ஒருதரம் சொன்ன அந்த முதல் கூவல், நிஜமான கூவல், எந்த நாடாவிலும் இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. கேசட்டைப் புரட்டிய நேரத்தில் அது காற்றோடு போய்விட்டது. அதைக் கேட்டவர்கள் அன்று மணலில் இருந்தவர்கள் மட்டும்தான்.

பரீட்சைக்கு நான் வெட்டாததைக் கொடுத்தேன். கேசட்டிலிருந்து இன்னொரு சுருளுக்கு மாற்றி, பெரியதனக்காரரின் பேச்சை மட்டும் சுருக்கிவிட்டு, என் குரலிலிருந்து கடைசி ஓலைவரை அப்படியே விட்டேன். மார்க் குறையும் என்று ஆசிரியை எச்சரித்தார், குறையத்தான் குறைந்தது. வானொலியிலிருந்து வந்தவர் முழுதும் கேட்டுவிட்டு, “இன்னொருவாட்டி கூவச் சொன்ன பொண்ணு யாரு?” என்று கேட்டார்.

“நான்தான் சார்.”

“எழுந்து நின்னாரே, அவர்?”

“எங்க அப்பா.”

அவர் வெகுநேரம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பிறகு, தற்காலிக அறிவிப்பாளர்களுக்கு அடுத்த மாதம் குரல் தேர்வு இருக்கிறது, வந்து பாரும்மா என்றார். அந்தத் தேர்வில் நான் தேறியது, எத்தனையோ வருடம் அந்த நிசப்த அறைக்குள் உட்கார்ந்து பேசியது எல்லாம் பிறகு நடந்தவை. அன்றைக்கு எனக்கு வேலை கிடைக்குமா என்பதைவிட, ஊருக்கு எந்த முகத்தோடு போவது என்பதுதான் கவலையாக இருந்தது.

யாரைப் பதிவு செய்தாயோ அவர்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டு வா என்று டேப் ரெக்கார்டரை ஆசிரியை மறுபடியும் கொடுத்தனுப்பினார். பரீட்சைக்குக் கொடுத்ததைக் கேசட்டின் ஒரு பக்கத்திலும், வெட்டி ஒட்டியதை மறுபக்கத்திலும் ஏற்றிக்கொண்டேன். அதை ஏன் ஏற்றினேன் என்று இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது.

நைனாதான் தோணியோடு வந்திருந்தார். இளைத்திருந்தார். இரண்டு கால்களிலும் முழங்கால்வரை சேற்றுப் புண். பாதி ஏரி வந்ததும் கோலை ஊன்றியபடியே, “பொட்டில இன்னா வெச்சிக்கினு வந்த? போடு, கேப்போம்” என்றார்.

முதல் பக்கத்தைப் போட்டேன். முழுதும் கேட்டார். தன் குரல் வந்த இடத்தில்கூட அவர் முகத்தில் மாற்றம் இல்லை. சித்தப்பா கத்துகிற இடத்தில் மட்டும் லேசாகச் சிரித்தார். “எல்லாம் சரியாத்தான் கீது” என்றார்.

“பின்பக்கத்துல இன்னொண்ணு இருக்குது நைனா” என்றேன்.

அதையும் போட்டேன். பூசை மணி, பெரியதனக்காரரின் குரல், சொம்பைக் குலுக்குகிற சத்தம். மாமா நீட்டிக் கூவினார். கூவி முடித்த மூச்சோடு பம்பை இறங்கியது, ஜனம் ஆர்ப்பரித்தது. நைனா கோலைத் தூக்காமல் நின்றுவிட்டார். தோணி தானாக மெல்லத் திரும்பியது. அவர் வாய் கொஞ்சம் திறந்திருந்தது, கண் அகலமாக விரிந்திருந்தது, ஒரு நிமிஷம் அவர் என்னைவிடச் சின்னவராக இருந்தார். இடது பக்கம் தூரத்தில் முகத்துவாரத்தில் கிழக்குத் தெருக்காரர்கள் வலை உதறிக்கொண்டிருந்தார்கள்.

நாடா ஓடி நின்றது.

“இது நடக்கலியே” என்றார்.

“இல்ல நைனா. நான் வெட்டி ஒட்னது.”

“இத்தயும் சொல்லிக் குடுக்கறாங்களா அங்க?”

“ஆமா நைனா.”

“பரீட்சைக்கு எத்தக் குடுத்த?”

“மொதல்ல போட்டேனே, அத்த.”

சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். கோலை இறக்கி ஒரு தள்ளுத் தள்ளினார். அப்புறம் திரும்பிப் பார்க்காமல், “இத்த அழிச்சிடு கண்ணு. ஊர்ல யாரு காதுலயும் வுழக் கூடாது” என்றார்.

நான் பெட்டியை மடியில் இழுத்து, அழிப்பதற்குப் பொத்தானில் விரலை வைத்தேன். மாமா கூவுகிற இடத்துக்கு நாடாவைத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்புகிற சத்தம் கேட்டு நைனா கோலை நிறுத்தினார்.

“இன்னிக்கி வேணாம்” என்றார். “நாளைக்கி அழிச்சிக்கலாம்.”